இரவல் இல்லாத கணினி

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நூலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. பெரிய நூலகர் அதற்குப் புத்தகம்போல உறை போட்டு, 'உசாத்துணை, இங்கு மட்டும் பார்க்க, இரவல் இல்லை' என்று ஒட்டி வைத்தார். ஊர் நூலகத்தில் பட்டியல் முழுவதையும் கணினியில் ஏற்றியவள் நான். இங்கும் ஏற்றித் தருகிறேன் என்றதற்கு, "கிராமத்து ஆக்கள் தொட்டாப் பழுதாப் போகும். எழுத்தில தாங்க, பாப்பம்" என்று எல்லோர் முன்னும் சிரித்தார். மூன்று கடிதம் கொடுத்தேன். பதிலே இல்லை.

நேற்று மேலதிகாரி வந்து, ஒரு புத்தகத்தைக் கணினியில் தேடிக் காட்டச் சொன்னார். பெரிய நூலகர் சேருக்கு அதன் சுவிட்சைப் போடவே தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தொட அனுமதி இல்லை சேர்" என்றேன்.

இன்று காலை, "தங்கச்சி, கொஞ்சம் சொல்லித் தாங்களன்" என்று வந்தார்.

"எழுத்தில தாங்க சேர், பாப்பம்."

இப்போது இங்கே ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை. அது பரவாயில்லை. சீனிச்சம்பல் சின்னப் போத்தலில் அனுப்புங்கள், பங்கு கேட்க ஆளில்லை. தபால் கந்தோர் மூடப் போகிறது, முடிக்கிறேன்.

சேர் மத்தியானமே எழுதித் தந்துவிட்டார். என்னுடைய கடிதங்கள் கிடந்த நாளளவுக்கு அதுவும் என் மேசை லாச்சியில் கிடக்கட்டும்.

உங்கள் மகள்,
நப்லா