பூஜைக்கு வைத்த லாப்டாப்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

கடை லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை, அடுக்களைப் பேச்சுத்தான் காதில் விழுந்தது. லச்சு உலகம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நெதர்லாந்தில் ஆராய்ச்சி வேலையாம், மூன்று வருஷத்துக்கு. 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை லாப்டாப் வழியாக இன்டர்வியூ. "அப்பாகிட்ட இப்ப சொல்லண்டாம்மா. கிட்டினா சொல்லலாம்."

பெற்ற அப்பனிடம் சொல்ல வேண்டாமாம்! சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷமாக உருளியும் குத்துவிளக்கும் விற்கிறவனுக்கு நெதர்லாந்து எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருப்பாள். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? (போனில் பார்த்தேன். ரொம்ப தூரம்.)

அக்டோபர் 8, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எவ்வளவு நாள் மறைக்கிறாள், பார்க்கலாம்.

அக்டோபர் 10, வியாழன்

சாயங்காலம் பூஜை வைப்பு. புத்தகம், பேனா, தொழில் சாமான் எல்லாம் சரஸ்வதி முன்னால் போகும். விஜயதசமி காலைவரை எழுத்தும் இல்லை, படிப்பும் இல்லை. இந்த டைரியும் போகிறது. இனி ஞாயிற்றுக்கிழமைதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுது, பகவதிப்பெருமாள்.

வியாழக்கிழமை ஆறரைக்கு விளக்கேற்றியாகிவிட்டது. லச்சு எப்போதும்போல நாலு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "லாப்டாப் எங்கே?" என்றேன். "அது வேண்டாம்பா, நாளைக்கு எனக்கு வேலை உண்டு." "என்ன வேலை?" என்ன வேலை என்று அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... இல்லை. பழியை அவள் தலையில் கட்டாதே.

அவள் அறைக்குப் போனேன். மேசைமேல் திறந்திருந்தது, திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பிடுங்கினேன். ஏதோ ஒயர் தடுத்தது. இன்னும் ஓங்கி இழுத்தேன். "அப்பா, எடுக்கண்டா! ஓடிட்டிருக்கு, எடுக்கண்டா!" என்று லச்சு ஓடிவருவதற்குள் மேசை விளிம்பில் இடித்து, கையைவிட்டு நழுவி, தரையில் மூலை குத்தி விழுந்தது. விழுந்ததும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. பட்டென்று மூடினேன். தூக்கிக்கொண்டுபோய்ப் புத்தகங்களுக்கு அடியில் திணித்துச் செம்புத் தண்ணீரைத் தெளித்தேன். தெளித்தேனா? ஊற்றினேன். "சரஸ்வதி முன்னால வச்சத எவளும் தொடப்பிடாது!" என்று கத்தினேன். எவளுமாம். பெற்ற மகளைப் பார்த்து.

அவள் எடுத்திருக்கலாம். சாமி முன்னால் வைத்ததை எடுத்துப் பழக்கமில்லாத பிள்ளை, எடுக்கவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு அதையே பார்த்தாள்.

இன்று காலை பூஜை எடுத்ததும் திறந்து பார்த்தாள். உள்ளே டிக், டிக் என்று சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

கரமனையில் ஜெயனின் ரிப்பேர் கடை. நானும் கூடப் போனேன், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெயன் பின்பக்கத்தைக் கழற்றி விளக்கடியில் பார்த்தார். "அண்ணாச்சி, இது ஓடிட்டிருந்தப்ப விழுந்திருக்கு, அல்லே? உள்ள டிஸ்க் சுத்தும், அதுல ஊசி உரசிப்போச்சு. போதாததுக்கு தண்ணி வேற கேறியிருக்கு. யாரு செஞ்ச பணி இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் லச்சு, "கை தவறிடுச்சு" என்றாள்.

லாப்டாப் போனால் போகட்டும், உள்ளே இருப்பதை எடுக்க முடியுமா என்று கேட்டாள். டிஸ்கை மட்டும் கொச்சிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய்

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று உலகம்மையிடம் கேட்டேன். "அவகிட்டயே கேளுங்க. என்னத்துக்கு எங்கிட்ட வாறிய?" என்று எரிந்து விழுந்தாள். பிறகு அவளே சொன்னாள்.

மூன்று மழைக்காலமாக லச்சு விழிஞ்ஞத்துக்குத் தெற்கே கடற்கரையில் அளவெடுக்கிறாள். மழைக்கடல் கரை மண்ணை எவ்வளவு கொண்டுபோகிறது, மழை நின்றபின் எவ்வளவு திருப்பிப் போடுகிறது என்று. இது எனக்கும் தெரியும். மணலை அளக்க ஒரு டாக்டர் பட்டமா என்று சிரித்திருக்கிறேன். முதல் இரண்டு வருஷத்தது அவளுடைய புரொபசரிடம் பத்திரமாக இருக்கிறது. இந்த வருஷத்தது அந்த லாப்டாப்பில் மட்டும். அன்றைக்கு நகர்ந்துகொண்டிருந்த பச்சைக்கோடு என்ன தெரியுமா? வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டிருந்தாளாம். நூற்றில் பதினொன்றுதான் ஆகியிருந்ததாம்.

வெயிலிலும் மழையிலும் நாலு மாதம் போய்வந்த பிள்ளை. செருப்பெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும், நான் வைவேன்.

அக்டோபர் 24, வியாழன்

டிஸ்க் கொச்சியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஒன்றும் எடுக்க முடியவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

உலகம்மை இன்று என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு கேட்டேன், கேட்க வேண்டியதுதானே. இடையில் வந்தது லச்சு. "அம்மா, மதி, போதும். அப்பா அறியாம செஞ்சது. பக்தில செஞ்சது. விடும்மா."

ஐயோ, என்னத்த சொல்லுவேன்! பக்தியா? இந்தக் காகிதத்திலாவது உண்மையை எழுதுகிறேன். சரஸ்வதிக்காக ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை பூஜைக்கு வைத்தால் ஞாயிறுவரை தொட முடியாது. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ போய்விடும். அவள் இங்கேயே இருப்பாள். அவ்வளவுதான் என் பக்தி. உடைக்க நினைக்கவில்லை, அது சத்தியம். சாமியை முன்னால் நிறுத்திக்கொண்டு மகளின் வழியை அடைத்தேன், அதுவும் சத்தியம்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்னொன்றும் இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் சிநேகிதி பிஜி வீட்டுக்குப் போய், பிஜியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். படமும் இல்லாமல் கணக்கும் இல்லாமல், வாயால் பேசியே ஜெயித்திருக்கிறாள். எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம், டிசம்பருக்குள் ஆராய்ச்சியை முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று. மூன்றாவது மழை இல்லாமல் எதை முடிப்பாள்? வர இயலாது என்று நேற்று எழுதி அனுப்பிவிட்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. மகள் வீட்டில்தான் இருக்கிறாள். எதைக் கேட்டாலும் "சரிப்பா" என்கிறாள். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சரிப்பா. சண்டைக்காரி அவள், என்னைப்போல. அந்தச் சண்டைக்காரியை எங்கே தேடுவேன்?

நவம்பர் 21, வியாழன்

கடைக்குக் கிளம்பும்போது ஒரு காகிதம் தந்தாள். "ரெண்டு போட்டோகாப்பி எடுத்துட்டு வரீங்களாப்பா?" யூனிவர்சிட்டிக்கு, இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துத் தரும்படி விண்ணப்பம். கடையில் ஆள் இல்லாத நேரம் படித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் போதுமானதாக இருந்தது. லாப்டாப் எப்படிப் போயிற்று என்று ஒரு வரி எழுதியிருந்தாள்: என் சொந்தக் கவனக்குறைவால்.

ஒரு அம்மாள் வந்து தூக்குவாளி விலை கேட்டாள். என்ன விலை சொன்னேன் என்று நினைவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைத் தந்தேன். "இது பொய் மக்ளே. உன் கவனக்குறைவு இல்ல" என்றேன். "பரவால்லப்பா, அப்படி எழுதினா எளுப்பம், வேற ஒண்ணும் கேக்கமாட்டாங்க." "என் பக்தியும் இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடுக்களையில் கேட்டதை, போனில் தூரம் பார்த்ததை, வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் போட்ட கணக்கை.

துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. "ஞாயிறே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"நாலு நாள். நாலு நாள் எங்கூட இருந்து சோறு தின்னீங்க." மடித்த சுடிதாரைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். "போகண்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ஜெயிச்சிருப்பேன், இல்ல தோத்திருப்பேன். அதுகூட எனக்குத் தரலை அல்லே?"

மன்னிச்சிரு என்று சொன்னேன். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. என் காதிலேயே சரியாக விழவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

பிஜியோடு சேர்ந்து விழிஞ்ஞத்தில் ஒரு அறை எடுத்திருக்கிறாள். அடுத்த மழைக்கு அங்கேயே இருந்தால் அளவெடுக்கச் சௌகரியம் என்று உலகம்மையிடம் சொன்னாளாம். அடுத்த மழைக்கு ஆறு மாதம் கிடக்கிறது.

பெட்டியைத் தூக்கப் போனேன். "வேண்டாம்பா, கனமில்ல" என்றாள். கனமாகத்தான் இருந்தது, ஆட்டோக்காரர் தூக்க முடியாமல் தூக்கினார்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வந்தாள், சாப்பிட்டாள், போனாள். என்னைப் பார்த்து இரண்டு தரம் சிரித்தாள், விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

மார்ச் 9, ஞாயிறு

உலகம்மைதான் ஞாயிறுதோறும் போய்வருகிறாள். என்னைக் கேட்டாளா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். பாவம், உலகம்மைக்குப் பொய் சொல்ல வராது.

மே 26, திங்கள்

மழை பிடித்துவிட்டது. இந்த வருஷம் சீக்கிரம். கடையில் எல்லோரும் சாக்கடையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சந்தோஷப்பட்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

உலகம்மைக்குக் காய்ச்சல், இன்று போகவில்லை. குழாய்க்கு வாஷர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறினேன். அவளிடம் போய் நிற்க அல்ல. எந்த முகத்தோடு நிற்பது? தூர நின்று ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

பார்த்தேன். இரண்டு இடத்தில் விசாரித்தேன். "மணல் அளக்குற பிள்ளையா?" என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ரோட்டு ஓரத்து டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நின்றேன். நல்ல மழை. கீழே கரையில் முழங்கால்வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு அளவுகோலைப் பிடித்து நின்றாள். பிஜி தள்ளி நின்று குடைக்குள் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அலை வந்து லச்சுவை உட்கார வைத்துவிட்டது. நான் தார்ப்பாயை விட்டு இரண்டு எட்டு இறங்கிவிட்டேன். அதற்குள் எழுந்துவிட்டாள். கோலை அதே இடத்தில் ஊன்றினாள். பிஜி ஒரு எண்ணைக் கத்தினாள், இவள் திருப்பிக் கத்தினாள். எவ்வளவு பெரிய குரல்! வீட்டில் இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அந்தக் கடையில் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றேன். மூன்று டீ குடித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு போன் அதிர்ந்தது.

"பஸ் கிட்டிச்சா அப்பா?"

ஏழு மாதத்தில் அவளாக எனக்கு அனுப்பிய முதல் வரி. மழையில் நிற்காதே, காய்ச்சல் வரும், வீட்டுக்கு வந்துவிடு மக்ளே என்று அடித்தேன். அழித்தேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் "கிட்டிச்சு" என்று மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறி விழுந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. கிழக்கேகோட்டை வரும்வரை போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.