உயிரோடு இருக்கிறவளுக்கு ஒப்புக்கொடுத்த பூசை

மார்க்கம்
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

யேசு மரி சூசை துணை

அன்பு மகள் செலீனுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் தம்பி கிளிபோட்டும் அவன் வீட்டாரும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டேன், அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது, ஒட்டாவா விருந்துகளில் உப்புக் கூட்டிப் போடுகிறார்கள் போல. இந்தக் கடிதத்தை உன் ஒஃபிசுக்கு அனுப்பாமல் வினிபெக் வீட்டுக்கு அனுப்புகிறேன், ஒஃபிசுக்கு என்றால் உன் காரியதரிசிப் பிள்ளை ஷரோன் முதலில் உடைத்து வாசித்துவிட்டு எதை உனக்குக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்று பிரித்து வைப்பாள். நீ எடுத்த போன் ஒன்றுக்கும் அம்மா வரவில்லை என்று கிளிபோட்டிடம் அழுதாயாம். போனில் என்றால் பாராளுமன்றத்தில் கதைக்கிற மாதிரிக் கதைத்து என்னை மடக்கிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, நான் முடிக்கும் மட்டும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த ஷரோன் எனக்குப் போன் எடுத்தாள். போன ஞாயிறு எங்கள் கோயிலில் உனக்கு இரங்கல் பூசை நடந்த வீடியோ உலகமெல்லாம் சுற்றுகிறதாம், அது உன் எதிரிகள் செய்த சதி என்று அறிக்கை விடப்போகிறார்களாம், அதில் பெற்ற தாயும் ஒரு வசனம் சொன்னால் நல்லதாம். அன்ரி, ஜஸ்ற் வன் லைன், மிச்சத்தை நாங்களே எழுதுறம் என்று தேனாய்க் கதைத்தாள். நான் யோசித்துச் சொல்கிறேன் பிள்ளை என்று வைத்துவிட்டேன். யோசித்தாயிற்று, அந்த ஒரு வசனத்தை உனக்கே எழுதுகிறேன். சதி ஒன்றும் இல்லை, உன்னைச் சாகடித்தது நான்தான். எப்படி என்று ஆறுதலாகச் சொல்கிறேன், நீ சட்டம் படித்தவள், ஒழுங்காகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

போர் நடக்கிற அந்த நாட்டுக்குக் குண்டும் ஆளில்லா விமானமும் கொடுத்து உதவுகிற சட்டமூலம் இரண்டாம் வாசிப்புக்கு வந்த அன்று கிளிபோட் எனக்குத் தொலைக்காட்சியைப் போட்டுத் தந்துவிட்டு வேலைக்குப் போனான். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, ஆதரிக்கிறவர்கள் எழும்பி நின்று தலையைக் குனிந்துவிட்டுத் திரும்பக் கதிரையில் இருக்கிறார்கள். கோயிலில் எழும்பி இருக்கிற மாதிரித்தான் இருந்தது, செபம்தான் வேறு. நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு என் பிள்ளை எழும்பமாட்டாள் என்று தேத்தண்ணியும் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழும்பினாய். சட்டையில், போரில் செத்தவர்களை நினைத்துக் குத்துகிற பொப்பிப் பூக் குத்தியிருந்தாய், கோட்டின் பின்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தாய், வடிவாக நின்றாய். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் தமிழ் வானொலிக்கு வேறு கதை இல்லை. ரெக்ஸ்டேலிலிருந்து ஒருத்தர் போன் எடுத்து, அவ எங்கட வாக்கில வரேல்லை, வினிபெக்காரற்ற வாக்கில வந்தவ, எங்களுக்குக் கேக்க என்ன உரிமை என்றார். இன்னொருத்தர், அந்த நாடும் அடி வாங்குற நாடுதானே, அடி வாங்குறவைக்கு ஆயுதம் குடுக்கிறது என்ன பிழை என்றார். அடுத்ததாக வந்த பொம்பிளை உன்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், நான் தலைக்கு முக்காடு போடுகிற மனிசி. நீ கிளிபோட்டிடம், என்ர தொகுதியில அந்தச் சாமான் செய்யிற தொழிற்சாலை இருக்கு, எத்தினை குடும்பம் அதை நம்பியிருக்கு, அம்மாவுக்கு விளங்கப்படுத்து என்று சொன்னாயாம். அவனும் விளங்கப்படுத்தினான். எனக்கு நன்றாக விளங்கிற்று, அதனால்தான் இந்தக் கோபம்.

அந்த நாடு நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஊரை விட்டு ஓடிவந்து நாங்கள் ஒதுங்கியிருந்த கோயிலுக்கு மேலே பிளேன் சுற்றியபோது எல்லாரும் நிலத்தில் படுத்தோம். உனக்கு எட்டு வயது. வாசலில் கழற்றிவிட்ட புதுச் செருப்பை எடுக்கவென்று ஓடினாய். நான் கத்தினேன், நீ நிற்கவில்லை. என் பக்கத்தில் படுத்திருந்த உன் அண்ணன் ரெஜி எழும்பி உனக்குப் பின்னால் ஓடிவந்து உன்னைப் பிடித்துத் தள்ளினான். நீ விழுந்தாய், அவன் நின்றான். மிச்சத்தை நீதான் தேர்தல் காலத்தில் மேடை மேடையாகச் சொன்னாயே. என் அண்ணன் எனக்காக எழும்பி நின்றவன், நான் உங்களுக்காக எழும்பி நிற்பேன் என்று ஆங்கிலத்தில் நீ சொல்ல வெள்ளைக்காரப் பொம்பிளைகள் கண்ணைத் துடைத்தார்கள். உன் ஆங்கிலப் பேச்சில் அந்தச் செருப்பு வராது செலீன். அதில் நீ பயந்து நடுங்கின ஒரு பாவப்பட்ட குழந்தை. நான் கவனித்தேன், என் பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிளேனையும் குண்டையும் எங்கள் ஊரில் செய்யவில்லை. எங்கேயோ ஒரு பணக்கார நாட்டில், நல்ல உடுப்புப் போட்ட ஒரு பிள்ளை எழும்பி நின்றுதான் அது எங்கள் தலைக்கு மேலே வந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொகுதி, ஒரு தொழிற்சாலை, ஒரு நியாயம் இருந்திருக்கும். அந்தப் பிள்ளையை நான் ஒருநாளும் ஏசியதில்லை, அதைப் பெற்றவளைத்தான் ஏசினேன். என்ன பால் கொடுத்து வளர்த்தாய், உன் வயிறு எரியவேண்டும் என்று ரெஜியைப் புதைத்த நாளிலிருந்து முழங்காலில் நின்று சபித்துக்கொண்டு வந்திருக்கிறேன். நீ எழும்பி நின்ற அன்று அந்தப் பொம்பிளை யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மார்க்கத்தில் மகன் வீட்டுச் சோபாவில் செபமாலையோடு இருக்கிறாள். இந்த வயதில் எனக்கு இதைக் காட்டினாயே, நீ நல்லாயிருப்பாய்.

இனி விசயத்துக்கு வருகிறேன். ரெஜியின் முப்பதாம் ஆண்டு நினைவஞ்சலி இந்த மாதம் வந்தது. வருசா வருசம் அதே படம், அதே வசனம், கீழே நாங்கள் எல்லாரும் ஊர்ப்பெயரோடு. அன்புத் தாய் ஜோசப்பின் மார்க்கம், அன்புத் தங்கை செலீன் பாராளுமன்ற உறுப்பினர் வினிபெக், அன்புத் தம்பி கிளிபோட் மார்க்கம். உன் பதவியைக் கட்டாயம் போடவேண்டும் என்று அடம்பிடித்தவளும் நான்தான், அந்தக் கொழுப்பும் எனக்கு இருந்தது. இந்த முறை அறிவித்தல் போடுகிற இடத்துக்கு நானே போன் எடுத்து உன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்த பெடியன் மரியாதையாகக் கேட்டான், அம்மா, தங்கச்சி தவறிட்டாவோ, அப்பிடியெண்டால் காலஞ்சென்ற எண்டு முன்னுக்குப் போட்டுவிடுவம் என்று. ஒண்டும் போட வேண்டாம் ராசா, ஆளையே எடுத்துவிடு என்றேன். கிளிபோட் பார்த்துவிட்டுக் குதித்தான். அம்மா உது சரியில்லை, அண்ணாவுக்குப் போடுறதில அக்காவை ஏன் தண்டிக்கிறீங்கள் என்றான். வேறு எதில் தண்டிக்கிறது, உனக்கு நாங்கள் கொடுத்ததில் நீ வைத்திருந்தது அந்தப் பெயர் ஒன்றுதானே.

சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிற அன்ரனெற் மாமியை உனக்கு மறந்திருக்காது, அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை, ரெஜியைக் கழுவி உடுப்புப் போட்டுவிட்டவ அவதான். இப்போது காது நன்றாகக் கேட்காது, செய்தி பார்க்கிறதில்லை, காலமையில் எழும்பி ஐபாடில் எழுத்தைப் பெரிதாக்கி மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும் மட்டும் வாசிப்பா. எங்கள் ஆட்களுக்கு அந்த வரிசையில் ஒரு பெயர் இல்லையென்றால் இரண்டு விளக்கம்தான், செத்துப்போனது அல்லது ஓடிப்போனது. மாமி நல்ல மனிசி, உன்னைப் பற்றி இரண்டாவதை நினைக்க அவவுக்கு மனம் வரவில்லை. போன் எடுத்து ஒப்பாரி வைத்தா. எங்கட சின்னன் எப்பயடி போனது, எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை என்று கேட்டா. இல்லை மச்சாள், அவள் கல்லுமாதிரி இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயால் ஓம் மச்சாள், ஒட்டாவாவில, திடீரெண்டு என்றேன். என்ன வருத்தம் வந்து போனது என்று கேட்டா. இதயம் எண்டு சொல்லுகினம் என்றேன். மரித்தோர் மாதமல்லோ, ஞாயிறு பூசைக்கு அண்ணை, ரெஜி, சின்னன் எண்டு மூண்டு பேரின்ர பேரையும் குடுக்கிறன் என்று அழுதுகொண்டே சொன்னா. குடுங்கோ மச்சாள் என்றேன்.

கோயிலில் இருக்கிற பாதர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், உன்னை யாரென்று அவருக்குத் தெரியாது. நான் முன்வரிசையில் இருந்தேன், பக்கத்தில் மாமி கறுப்புச் சேலையோடு. இக்னேசியஸ், ரெஜினோல்ட், செலீன் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பாதர் வாசித்தார். பின்னுக்கு யாரோ சிரித்தார்கள், யாரோ போனைத் தூக்கினார்கள், எல்லாருடைய கண்ணும் என் முதுகில். நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் சுவாமி என்று பாதர் சொல்ல, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான்தான் உரத்துப் பதில் சொன்னேன். வீடியோவில் நீ கேட்ட குரல் எதிரியின் குரல் இல்லை. ஆனால் உன் பெயரை ரெஜியின் பெயருக்குப் பக்கத்தில் கேட்டவுடன் முன்னுக்கிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அதை இரக்கம் என்று எடுக்காதே, எனக்கு முழங்காலில் வாதம்.

பூசை முடிய வெளியில் எங்கள் தெருக் கிளடிஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்து, நல்ல வேலை செய்தீங்கள் அக்கா, உவளுக்கு உது மட்டும் காணாது என்றாள். என் பிள்ளையைச் சாகக் கொடுக்கிறதென்றால் பெத்தவள் நான் குடுப்பன், நீ ஆரடி என்று அவள் புருசனுக்கு முன்னால் வைத்துக் கேட்டேன். அவள் இனி எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டாள், மெத்தப் பெரிய நட்டம். அதற்குள் ஆரோ அன்ரனெற் மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அந்த மனிசி கோபிக்கவில்லை செலீன். கோயில் வாசலில், அத்தனை சனத்துக்கு முன்னால், சின்னன் இருக்குதோ, இருக்குதோ என்று கேட்டுக்கேட்டுச் சிரித்துச் சிரித்து அழுதா. பிறகுதான் என்னைப் பார்த்து, ஏனடி ஜோசப்பின் எனக்குப் பொய் சொன்னனி என்று கேட்டா. அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் கேட்கமாட்டேன். அந்தப் பாதரை மேலிடத்தில் கூப்பிட்டு விசாரிக்கிறார்களாம், உன் ஒஃபிஸ்தான் முறைப்பாடு கொடுத்ததாம். அதை உடனே நிறுத்து, அந்தப் பாவி மனிசன் எழுதிக் கொடுத்ததை வாசித்தவர். நீயும் அப்படித்தானே, எழுதிக் கொடுத்ததற்குத்தானே எழும்புகிறாய்.

மூன்றாம் வாசிப்பு இந்த மாதக் கடைசியில் என்று கிளிபோட் சொன்னான். எதிர்த்து எழும்பு என்று நான் கேட்கவில்லை, அதற்கு உன் கட்சி உன்னைத் துரத்திவிடும் என்கிறான், பதவி போய்விட்டால் பிறகு உனக்கென்ன இருக்கிறது. நான் கேட்பது சின்ன விசயம். உன் பெயரைக் கூப்பிடும்போது எழும்பாதே. இருக்கிற இடத்தில் இரு. நீ ஒருத்தி எழும்பாமல் இருந்தால் அந்தச் சட்டம் நிற்காது என்று அவன் சொல்கிறான். தெரியும். ரெஜி எழும்பியதாலும் அந்தக் குண்டு நிற்கவில்லை.

நீ இருந்தாயானால், நானே போன் எடுத்து உன் பெயரை இருந்த இடத்தில் போடச் சொல்வேன், பதவியோடு. எழும்பினாயானால் இதையும் தெரிந்துகொள், என்னுடைய மரண அறிவித்தலை எழுதிக் கிளிபோட்டிடம் கொடுத்துவிட்டேன். அதில் பிள்ளைகள் இரண்டு பேர்தான், காலஞ்சென்ற ரெஜினோல்ட், கிளிபோட் மார்க்கம். என் செத்தவீட்டுக்கு நீ வரலாம், கதவை ஒருவரும் பூட்டமாட்டார்கள். பூ வைக்கலாம், வரிசையில் நின்று முகம் பார்க்கலாம். யாரென்று கேட்டால் எம்.பி. என்று சொல்.

வினிபெக்கில் இப்போதே பனி கொட்டுகிறதாம், காதை மூடிக்கொண்டு வெளியில் போ, சின்னனிலிருந்தே உனக்குக் காதுவலி. தடுப்பூசி போட மறவாதே. அன்ரனெற் மாமிக்குப் போன் எடு, உரத்துக் கதை, நீ உயிரோடு இருக்கிறாய் என்று அவவுக்கு உன் வாயால் சொல்லு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். என் ஆசீர்வாதம் இங்கே என்னிடம்தான் இருக்கிறது, மூன்றாம் வாசிப்பு அன்றைக்கும் நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பேன்.

இவ்வளவும் தன் கையால் எழுதியது,
ரெஜினோல்டினதும் கிளிபோட்டினதும் அம்மா
ஜோசப்பின்