மாடி அறைக்கு வந்தவர்

ராயபுரம், 14-6-1968, வெள்ளி

மாடி அறையை முதன்முதலாக வாடகைக்கு விட்டு நாலே நாள். அங்கே தங்கியிருந்த தூத்துக்குடி வியாபாரி காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பையோடு கிளம்பிவிட்டார்.

"மீன் வாசனை தாங்காம லாட்ஜுக்குப் பூட்டாரு போல கீது," என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் அந்த வியாபாரி எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பையில் இருந்தது வியாபார மிளகாய்தானாம்.

"லாட்ஜுல இவளைத் தங்கவைக்க மனசு வரலக்கா. ரெண்டு நாள் உங்க வீட்டைப் பாத்துட்டுத்தான் வரச்சொல்லித் தந்தி அடிச்சேன்," என்றார்.

அறையில் ஒரே தலையணைதான் இருந்தது. என்னுடையதையும் கொடுத்துவிட்டேன். சுருட்டிவைத்த புடவைமேல் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன். அதுவும் மெத்தென்றுதான் இருக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.