சாயத் தொட்டிக்குப் போட்ட கணக்கு

திருத்தணி,
1942, ஆனி மாதம்

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு உன் நைனா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மலைமேல் இருக்கிறவன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீ சுகமாயிருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து நீ படிக்கும் கல்கத்தாவின் பேரைக் கேட்டாலே அம்மா எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றுகிறாள். சென்னைப் பட்டணத்து ஜனங்களே பயந்துபோய் மூட்டை முடிச்சோடு அரக்கோணத்தில் வந்து இறங்கினார்கள், நீ என்னடா என்றால் பரீட்சை, புத்தகம் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய்.

நம் சாயத் தொட்டிக்காக நீ கால்குலஸ் போட்டு அனுப்பிய கணக்கைக் கங்காதரன் வாத்தியார் படித்து விளக்கினார். கொஞ்சங்கொஞ்சமாக நூல் முக்கினால் விறகுச் செலவு ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஏறும், ஒரேயடியாக முக்கினால் சாயம் திட்டுத்திட்டாகி நூல் வீணாகும், நீ வரைந்த கோடு நடுவில் இறங்கி வந்து திரும்ப ஏறுமுன் ஓரிடத்தில் படுக்கிறது, அங்கேதான் கட்டுக்கு ஆகும் சராசரிச் செலவு குறைச்சல் என்றார். என் பிள்ளை மூளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். நீ எழுதியபடியே அவ்வளவு நூல் சேரும்வரை அடுப்பு மூட்டாமல் இருந்தேன். விறகு மிச்சம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பொதட்டூர்பேட்டையில் நம்மிடம் நூல் வாங்கி நெய்யும் மணியம்மை வீட்டுத் தறி, நூல் போகாமல் நின்றுவிட்டது. அவள் வேறு சாயக்காரரிடம் போய்விட்டாள். நான் போய்க் கேட்டதற்கு, "உங்க அடுப்புக்கு லாபம்தான் எல்லப்பண்ணா, என் தறி சும்மா கெடந்துகினு இருந்துச்சே, அது யார் கணக்குல?" என்றாள்.

இப்போது அதே கணக்கை ஊருக்கு வருவதற்கும் போட்டிருக்கிறாய். அடிக்கடி வந்தால் ரயில் சார்ஜ் தண்டம், அடுத்த கோடையில் ஒரே தடவையாக வந்து நெடுநாள் தங்கினால் நாளொன்றுக்குச் செலவு குறையும், ஆகையால் ஆடிக் கிருத்திகைக்கு வரவில்லை என்று. அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். உனக்காக நேர்ந்துகொண்ட காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்தவள், பாதியில் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போகிறாள், வருகிறாள். சோறு போட்ட தட்டு அப்படியே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறதடா.

எனக்கு உன் கணக்குத் தெரியாது, கோபித்துக்கொள்ளாதே. நீ வராத ஒவ்வொரு நாளும் இவளுக்கு ஆகிற செலவு ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்து மறுபடி போட்டுப் பார். கோடு எங்கே படுக்கிறதோ அந்த நாளுக்கு வந்துவிடு.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. குண்டு விழப்போகிறதென்று சங்கு ஊதினால் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடு. முருகன் உன்னைக் காப்பான், தீர்க்காயுசாக இரு. காவடியைப் பிரிக்கவில்லை, பரணிலேயே இருக்கிறது.

உன் நைனா,
எல்லப்பன்