இரண்டு சீட்டு வண்டியும் எண்பது பேரும்

ஜூன் 14, சனி

காலையிலிருந்தே கொளுத்தும் வெயில். பத்து மணிக்கு லோரி வந்தது. வண்டியை இறக்கினோம். பின் விளக்கு ஒன்று எங்கள் தாமான் குடியிருப்பு ரோட்டிலேயே கழன்று விழுந்தது.

கோத்தா திங்கியில், செம்பனைத் தோட்ட மேனேஜர் ஒருவரின் ஷெட்டில் கிடந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. கூரை கிடையாது. இரண்டு வெள்ளம் பார்த்த வண்டி. எஞ்சினை மட்டும் அவர் முன்பே கழற்றி மேல் தட்டில் ஏற்றி வைத்திருந்தார், அதனால் அது தப்பித்தது.

இருப்பவை: எஞ்சின், கியர் பெட்டி, நான்கு சக்கரம், ஸ்டீரிங், கிராண் என்கிற பதிவுப் பத்திரம் (இன்னும் விற்றவர் பெயரில். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால்தான் என் பெயருக்கு மாறும்).
இல்லாதவை: தரை, இடது கதவு, ஒயர் முழுவதும், எஞ்சின் பக்கத்து நம்பர் தகடு (ஆணி அடித்த ஓட்டை இரண்டு மட்டும்).
துரு: எங்கும்.

என் மனைவி புஷ்பா வாசலில் நின்று பார்த்தாள். "இதுவா? படத்துல வேற மாதிரி இருந்துச்சே." அந்தப் படத்தில் இருந்தது வேறு வண்டி என்று சொல்லவில்லை.

துரு எனக்குப் புதிதா? சிங்கப்பூர் ஷிப்யார்டில் இருபத்து நான்கு வருஷம் கிரைண்டர் பிடித்தவன். முட்டி போனதால் வேலையை விட்டேன். கை அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெகா சேர்த்துவிட்டான். குளுவாங்கில் டயர் கடை வைத்திருக்கும் ஜெகா. மொத்தம் எண்பது பேர். ஆறு படம் போட்டு, சிம்பாங் ரெங்கம் மணியம், புதிய வண்டி, நானே சரிசெய்யப் போகிறேன் என்று எழுதினேன்.

வந்த பதில்கள்:
கும்பிடும் கை, பதினொன்று.
"பார்ட்ஸுக்கா, ஓட்டவா?"
குப்பை லோரி படம் ஒன்று. அதற்கு இருபதுக்கு மேல் சிரிப்பு.
செயலாளர் ராஜநாயகம்: "விதிகளைப் படித்த பிறகு பதிவிடவும். மூன்று படங்களுக்கு மேல் அனுமதி இல்லை."

இந்த ராஜநாயகம் யாரென்று ஜெகாவிடம் கேட்டேன். நில இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், சிலோன்காரர் குடும்பம், என்னுடைய அதே மாடல் வண்டி சிவப்பில் வைத்திருக்கிறாராம். மழை பார்க்காத வண்டியாம். வண்டியை மழையில் விடாதவனுக்கு வண்டி எதற்கு?

ஜூன் 22, ஞாயிறு

மாதக் கூட்டம். ஆயர் ஹீத்தாம் ரோட்டில் ஓர் ஒட்டுக்கடை. பசியாற வந்து, படம் எடுத்து, கலைந்து போவார்கள். எனக்கு ஓடுகிற வண்டி இல்லை, மோட்டார் சைக்கிளில் போனேன். ரா.நா. (முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை) தூரத்திலிருந்தே கை காட்டினார். "மோட்டார எல்லாம் பின்னால போடுங்க. இது படம் எடுக்கிற இடம்."

பதினான்கு கார்கள் வரிசையாக. ஒன்றிலும் கீறல் இல்லை. சொந்தக்காரர்கள் கையிலும் கீறல் இல்லை. எல்லாம் ஒர்க்‌ஷாப்பில் விட்டு வாங்கியவை.

காதில் விழுந்தது:
"யாரு அது?" "அந்தத் துரு வண்டி."
"ஷிப்யார்டுல பெயிண்டராம்லா."
பெயிண்டர் இல்லை. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ரொட்டி சானாய் வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ரா.நா. எட்டு பேர் முன்னால் கேட்டார். "வாங்கறதுக்கு முன்னாடி நம்பர் எல்லாம் ஒப்பிட்டுப் பாத்தீங்களா, மிஸ்டர் மணியம்?"
"கிராண் இருக்கு."
"நான் கேட்டது அது இல்ல."
எட்டு பேரும் தே தாரிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டார்கள். முகம் எரிந்தது. இன்னும் எரிகிறது.

புது வண்டி வந்தால் செயலாளர் வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் உறுப்பினர் அட்டை. அடுத்த சனி வருகிறாராம். நான் என்ன மாப்பிள்ளையா, பார்க்க வருவதற்கு?

ஜூன் 28, சனி

மேகமூட்டம். பு. காலையிலேயே போர்ச்சைக் கழுவிவிட்டாள், யாருக்காக என்று கேட்டேன், வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்பதரைக்கு ரா.நா. சிவப்பு வண்டியில் வந்தார். தாமானே எட்டிப் பார்த்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பு. வைத்த காப்பியைத் தொடவில்லை. கைக்குட்டையைத் தரையில் விரித்து, அதன்மேல் முட்டி போட்டு, நேராக வலது முன் சக்கரத்துக்கு மேலே டார்ச் அடித்தார். கதவு, கியர், எஞ்சின் எதையும் பார்க்கவில்லை. கிராண் கேட்டார். கொடுத்தேன். கிராணைப் பார்த்தார், துருவைப் பார்த்தார், மறுபடி கிராணைப் பார்த்தார்.

"தகடு எங்க?"
"இல்ல."
"ம்."
அந்த 'ம்'முக்காகவே கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.
"வித்தவர உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதோடு போதும். "திருட்டு வண்டின்னு நெனைக்கிறீங்களா?" என்று கிராணைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். "நீங்க கெளம்புங்க சார்" என்றேன். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, "அந்த வலது பக்கம் மட்டும் இப்ப கிரைண்டர் வைக்காதீங்க, ஏன்னா அங்க..." என்று ஆரம்பித்தார்.
"கிரைண்டரப் பத்தி எனக்கு நீங்க சொல்லித் தர வேணாம்."

போனார். பு. ஆறின காப்பியை அவளே குடித்தாள். "சொல்ல வந்தத முழுசா கேட்டிருக்கலாம்" என்றாள். கப்பலுக்கு அடியில் படுத்துத் துரு அடித்தவனுக்கு நில ஆபீஸ்காரன் பாடம் எடுக்கிறான். அதை நான் கேட்க வேண்டுமாம்.

ஜூன் 29, ஞாயிறு

வெயில். முதல் வேலை வலது பக்கம். வேண்டுமென்றே.

ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். முட்டி வலி தெரியவில்லை. மேலே கறுப்புப் பெயிண்ட், அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே துரு. துருவுக்கு அடியில் குழி குழியாகத் தட்டுப்பட்டது. ஆழமாக அரித்துவிட்டது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். எட்டரைக்கு இரும்பு வெள்ளையாக வந்தது. முகம் பார்க்கலாம். பல நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

குழுவில் படம் போட்டேன். மூன்றே படம், விதிப்படி. கீழே எழுதியது: "வலது பக்கம். கிரைண்டர் வைத்தாயிற்று."

பார்த்தவர்கள்: மதியம் நாற்பது, மாலை எழுபதுக்கு மேல். ஒரு பதிலும் இல்லை. வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று பு.விடம் சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

காலை பதினொன்றுக்கு ரா.நா. ஒரே ஒரு படம் போட்டார். ஒரு வார்த்தை இல்லை. அவருடைய சிவப்பு வண்டி. வலது முன் சக்கரத்துக்கு மேலே, அதே இடம். இரும்பில் அடித்துப் பதித்த ஓர் எழுத்தும் ஏழு எண்ணும்.

சேஸி நம்பர்.

வெகுநேரம் பார்த்தேன். பிறகு வெளியே போய் என் வண்டியைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. குழி குழியாகத் தட்டுப்பட்டதே, அது துரு இல்லை.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.
"நான் சொல்லிட்டுத்தானே வந்தேன், மிஸ்டர் மணியம்."
"ஏன்னு சொல்லலையே."
"நீங்க சொல்ல விட்டீங்களா?"
"வந்ததுமே சொல்லியிருக்கலாமே?"
"மொதல்ல நம்பர் இருக்கான்னு பாக்கணும். தகடு இல்லாத வண்டிக்கு அது ஒண்ணுதான் சாட்சி. மருந்து போட்டுத் துருவ மெதுவா எடுக்கணும், ஒரு நாள் வேலை. நானே வந்து எடுத்துத் தரலாம்னு இருந்தேன்."

வைத்துவிட்டேன். பு. வேலை முடிந்து வந்தாள், சூப்பர்மார்க்கெட்டில் இன்று கூட்டமாம். என்ன ஒரு மாதிரி இருக்கீங்க என்றாள். முட்டி என்றேன்.

ஜூலை 5, சனி

மழை. ஜெகா வந்தான். விஷயம் அவனுக்குத் தெரியும், எண்பது பேருக்கும் தெரியும். வராந்தாவில் நின்று, பு. காதில் விழாமல் பேசினான்.

"அண்ணே, நம்பர் அடிக்கிற செட்டு எங்கிட்ட இருக்கு. கிராண்ல உள்ளத பாத்து அடிச்சிடுவோம். மேல ரெண்டு கோட்டு பெயிண்ட். பத்து நிமிஷ வேலை, யாருக்குத் தெரியப் போவுது?"

ஒரு துண்டு இரும்பில் அடித்துப் பார்த்தேன். முதல் தடவை 3 என்ற எண் சாய்ந்தது. இரண்டாவது தடவை ஒழுங்காக விழுந்தது. சுத்தியலோடு வண்டிப் பக்கம் போனேன். பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று படமும் அங்கேயே இருந்தன. வழவழவென்று, ஒரு புள்ளிகூட இல்லாத இரும்பு. நானே போட்டது. இனி அழிக்கவும் முடியாது, யார் யார் சேமித்து வைத்தார்களோ.

நல்லவன் என்பதால் விட்டேன் என்று எழுத ஆசை. படம் போட்டதால்தான் விட்டேன். ஜெகாவிடம் செட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்ஸ்பெக்‌ஷன் கவுண்டருக்கு மோட்டாரில் போய்ச் சும்மா விசாரிப்பது போலக் கேட்டேன். தெரிந்தவருடைய வண்டி என்றேன். மலாய்க்காரப் பையன், மரியாதையாகவே பேசினான். "நொம்போர் தாக் அடா, தாக் போலே லா, பாங்." நம்பர் இல்லாவிட்டால் முடியாது. பெயர் மாற்ற முடியாது, ரோட்டில் ஓட்ட முடியாது. வேறு வழி என்றேன். தலையை ஆட்டினான். தெரிந்தவரிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்.

திரும்பும் வழியில் ஹைவே பக்கம் நிறுத்தி, இளநீர் குடித்தேன். சில்லென்று இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. பு. சொல்லிவிட்டாள்: "ஆடியில வண்டிய வெளிய எடுக்க வேணாம். ஆவணி பொறக்கட்டும்." சரி என்றேன். வேறு என்ன சொல்ல? தினம் வேலை செய்கிறேன். செய்யாவிட்டால் ஏன் என்று கேட்பாள்.

யார் காரணம் என்று யோசித்து எழுதி வைக்கிறேன்:
1. ரா.நா. வந்ததும் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். கைக்குட்டை விரிக்க நேரம் இருந்தது, சொல்ல நேரமில்லையா.
2. விற்ற மேனேஜர். தகட்டைத் தொலைத்தவர்.
3. ஆற்று வெள்ளம்.
4. ஜெகா. குழுவில் சேர்த்தவன்.
5. குப்பை லோரி படம் போட்டவன். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ரோஷம் வந்திருக்காது.

இன்று மாதக் கூட்டம். போகவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ரா.நா. தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: பார்ட்ஸாக விற்பதென்றால் கியர் பெட்டிக்கு ஆள் இருக்கிறதாம். பிணம் இன்னும் வீட்டில் இருக்கும்போதே வாட்ச்சைக் கேட்கிறான். பதில் போடவில்லை. அவர் சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருந்தது, அதனால் இன்னும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஜெகா வந்தான். அவன் சங்கிலிக் கப்பியால் எஞ்சின் போன வாரமே உள்ளே இறங்கிவிட்டது, இன்று ஒயர் முடிந்தது. தரை புதுத் தகடு. இடது கதவு இல்லை. பெயிண்ட் இல்லை. மாலை ஐந்துக்கு மூன்றாம் தடவை உயிர் வந்தது. நல்ல சத்தம். ஜெகா கை தட்டினான், பிறகு நினைவு வந்து நிறுத்தினான்.

"அக்காகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"
"உன் வேலையப் பாரு" என்றேன். அவன் செய்த உதவிக்கு நான் சொன்ன நன்றி அது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. வானம் தெளிவு. பு. விடிவதற்குள் குளித்துவிட்டாள். வேலைக்கு லீவு எடுத்திருக்கிறாள், சொல்லவே இல்லை. வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். சூடம் காட்டினாள். நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்தாள். தலையில் புது ஸ்கார்ஃப், போன மாதம் தங்காக் போனபோது வாங்கினதாம், கூரை இல்லாத வண்டிக்கு.

"எடுங்க" என்றாள்.

எடுத்தேன். முதல் தடவையிலேயே பிடித்தது. அவள் போய்க் கேட்டை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்தாள். எதிர்வீட்டுக்காரம்மா வெளியே வந்து நின்றார். பு. கைப்பையோடு வந்து, கதவில்லாத பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை.

கிளட்சை விட்டேன். ஓர் அடி நகர்ந்தது. எலுமிச்சை நசுங்கியது. பிரேக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"
"ரோட்டுல ஓட்ட முடியாது. சேஸி நம்பர் போச்சு. இனிமே எப்பவும் முடியாது."

எதிர்வீட்டுக்காரம்மாவைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "எப்படிப் போச்சு? யாரு அழிச்சது?"

ராஜநாயகம் என்ற பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்றரை மாதமாக அங்கேதான் இருந்தது.

"நான்தான்" என்றேன். "அவரு வேணாம்னு சொன்னாரு. அதுக்காகவே செஞ்சேன்."

ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்தினாள்.