‘ரைட்’ என்று சொல்லக் கூடாது

என் மேல்வீட்டுக்காரிக்கு,

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பஸ் ஏறினேன். ஏறி முடிக்கவில்லை, கொண்டக்டர் தகரத்தில் தட்டி, “ரைட், ரைட்!” என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

சாரதிப் போதனாசிரியர் அனுமதிப்பத்திரம் எடுக்கத்தான் போனேன். ஓம், நானேதான்! மதிலை இடித்த அதே நான். முதலில் உமக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூடவே அந்த ‘ரைட்’ கதையையும் ஒருமுறை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். நீர் சொல்லும்போதெல்லாம் உம்முடைய பிழையைப் பாதியாக்கி விடுவீர்.

கிருலப்பனையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றி இறக்கியே ஐம்பதைத் தாண்டியவர் நீர். ஒருநாள் படியிறங்கி வந்து என் வாசலில் நின்றீர்.

“வானைக் குடுத்திட்டன். இனிப் பொம்பிளையளுக்கு டிரைவிங் பழக்கப் போறன். போர்ட்டும் எழுதியாச்சு.”

“லைசன்ஸ்?”

“எனக்கு இல்லாத லைசன்ஸோ?”

“ஓடுற லைசன்ஸ் இல்லையப்பா. பழக்கிற லைசன்ஸ்.”

உம்முடைய முகம் போன போக்கு! ஓட்டுவதற்கு ஓர் அனுமதி, ஓட்டப் பழக்குவதற்கு வேறோர் அனுமதி என்பதை நீர் யோசித்தே இருக்கவில்லை. பிறகு விசாரித்தோம். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துப் போதிய வருடங்கள் ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். எழுத்துப் பரீட்சை, அதன்பின் பழக்கிக் காட்டும் பரீட்சை. வருடங்கள் உம்மிடம் தாராளமாக இருந்தன. கண் பரிசோதனையில் கேட்காத வரியையும் வாசித்துக் காட்டினீர். மீன் வெட்டும்போதுகூட வீதிச் சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தீர். எழுத்துப் பரீட்சை பாஸ்.

மற்றப் பரீட்சையில்தான் வினை வந்தது. பரீட்சகரே ஒன்றும் தெரியாத மாணவர்போலச் சாரதி ஆசனத்தில் இருந்தார். நீர் இடப்பக்கத்தில், போதனாசிரியருக்கான பிரேக்கில் கால் வைத்தபடி. சிங்களத்தில் வடிவாகச் சொல்லிக் கொடுத்தீர். ஒரு சந்தியில் இடப்பக்கம் திரும்பச் சொன்னீர். அவர் கண்ணாடி பார்த்தார், இடது சிக்னல் போட்டார், வேகத்தைக் குறைத்தார். எல்லாம் ஒழுங்காகச் செய்கிறாரே என்ற சந்தோஷத்தில், வான் கதவு மூடியதும் இத்தனை வருடம் சொல்லிவந்த சொல்லை விட்டீர்: “ரைட்!”

மனிதர் வலப்பக்கம் வெட்டினார்.

நீர் பிரேக்கை மிதித்தீர். வண்டி நடுச்சந்தியில் நின்றது. ஓட்டோக்காரன் ஒருவன் தலையை நீட்டி உம்முடைய பரம்பரையையே விசாரித்தான். பரீட்சகர் மட்டும் அமைதியாகத் திரும்பி, “நோனா தமய் கிவ்வே, ரைட் கியலா” என்றாராம். அம்மா, நீங்கள்தானே ரைட் என்று சொன்னீர்கள்! பயந்துபோயிருக்கும் மாணவிக்குக் கடைசியாகக் காதில் விழுந்த சொல்தான் நிற்கும் என்றும் விளக்கினாராம். அவர் சொன்னது நியாயம். நீர் ஃபெயில்.

அன்று மத்தியானம் என் கட்டிலில் வந்து குப்புற விழுந்தீர். “இனிப் போகமாட்டன். இந்த வயசில ஃபெயில் எண்டு சொல்ல வெக்கமாக் கிடக்கு.”

வான் கைமாறிவிட்டது. புதுப் போர்ட் என் வீட்டு ஹோல் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. பெயர் கொடுத்த பெண்கள் எப்போது தொடங்குவது என்று ஃபோன் எடுத்தபடி இருந்தார்கள். லைசன்ஸ் இல்லாமலே சத்தம் போடாமல் பழக்கினால் என்ன என்று நான்தான் வெட்கமில்லாமல் கேட்டேன்.

நீர் விறைத்து எழும்பி இருந்தீர். “விசர்க் கதை கதையாதேயும். பொலிஸ் மறிச்சா எனக்கு ஒண்டுமில்லை. பழகிற மனுசி நடுங்கிப் போயிடும். பிறகு அவ ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டா.” என்மேல் வந்த கோபத்தில்தான் நீர் திரும்பவும் விண்ணப்பம் போட்டீர். அந்தப் பெருமை எனக்குரியது.

என் சாப்பாட்டுக் கதிரைகள் இரண்டும் கார் ஆகின. நான் மாணவி, வட்டமான சோற்றுக் கோப்பைதான் ஸ்டியரிங். நீர் ‘ரைட்’ என்றால் நான் எழும்பி வலப்பக்கம் நடப்பதாக ஒப்பந்தம். வலப்பக்கம் குசினி. முதல் நாள் அங்கே போய்ப் போய், சும்மா நிற்பானேன் என்று ஒரு சொதியே வைத்து இறக்கிவிட்டேன்.

“நீர் வேணுமெண்டு போறீர்!”

“நீர்தானே அனுப்பிறீர்!”

கடைசியில் தமிழ்ப் பெண்களுக்கு ‘நல்லம்’, சிங்களத்தில் ‘ஹொந்தய்’ என்று முடிவு செய்தோம். இரண்டாம் முறையும் அதே பரீட்சகர். சந்தி வந்தது. உம்முடைய வாயில் ‘ர’ ஏறி, நாக்கில் உருண்டு, “ர்ர்... ஹொந்தய்!” என்று விழுந்ததாம். அவர் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினார்.

பாஸ் பண்ணத்தான் அந்தச் சொல்லைப் பிடித்தோம். அது செய்த வேலையை நாம் இருவரும் எதிர்பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் அம்மா, கியரைச் சரியாக மாற்றியதற்கு நீர் ‘நல்லம்’ என்றதும் வண்டியை ஓரங்கட்டி அழுதுவிட்டா. “கலியாணம் கட்டின நாள்முதல் சமைக்கிறன். ஒருத்தரும் ஒருநாளும் நல்லம் எண்டு சொல்லேல்லை.” அதை அன்றைக்கே என் வாசலில் வந்து சொன்னீர்.

பிறகு என்னையும் வற்புறுத்தி ஏற்றினீர். உம்முடைய மாணவிகளில் ஆக மோசமானவள் நான்தான். ரிவர்ஸில் மதிலை இடித்தபோது நீர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “மதிலுக்கு ஒண்டுமில்லை. உடன நிப்பாட்டினீர், அது நல்லம்” என்றீர். எப்படியோ எனக்கும் லைசன்ஸ் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் உமக்கு உடம்பில் வருத்தம் வந்தது. கடைசி முறை ஆஸ்பத்திரிக்கு உம்மை ஓட்டிக்கொண்டு போனவள் நான். காலி வீதி முழுக்க நெரிசல். நீர் கண்ணை மூடிக்கொண்டு வந்தீர். “பயமில்லையோ?” என்று கேட்டேன்.

“என்ன பயம்? நான் பழக்கின ஆள்தானே ஓடுது.”

நீர் போனபின் எத்தனை நாள் அழுதேன் என்று உமக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கேலி செய்வீர். இன்றைக்கும் உம்முடைய குரல் இல்லாத மாடிப்படி எனக்குப் பிடிக்கவில்லை. போதிய வருடங்கள் ஆக வேண்டும் என்ற நிபந்தனைக்காக இவ்வளவு காலம் காத்திருந்து, விண்ணப்பம் போட்டு, இப்போது அந்தப் பத்திரம் மேசையில் கிடக்கிறது.

நாளைக் காலை என் முதல் மாணவி வருகிறா. இன்று பின்னேரம் அவவே ஃபோன் எடுத்தா.

“அக்கா, எனக்குச் சரியான பயம். பிழை விட்டா ஏசுவீங்களோ?”

“இல்லையம்மா,” என்றேன். “எனக்கு ஏசிப் பழக்கத் தெரியாது. என்னை ஒருத்தரும் அப்பிடிப் பழக்கேல்லை.”