மணக்குதோ என்று கேட்டவர்

அன்பு மகன் அன்ட்ரூவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நான் இந்தப் பனிதேசத்தில் நடமாடித் திரிகிறேன், அங்கே மெல்பேர்னில் நீயும் மருமகள் ஸ்டெபனியும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டுமென்பதுதான் என் செபம். வீட்டை விற்றுப்போட்டு உன்னோடு வந்திருக்கச் சொல்லிக் கேட்கிறாய், நானும் மாட்டேன் மாட்டேன் என்கிறேன், காரணத்தைப் போனில் சொன்னால் அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்பாய், அதுதான் எழுதுகிறேன். குசினி யன்னலுக்கு வெளியே வெயில் விழாத மூலையில் அப்பா ஒரு பற்றை நட்டாரே, விற்ச் ஹேசல், பனிக்குள்ளே பூக்கும் என்று வாங்கிவந்தது. விற்ச் எண்டா சூனியக்காரியெல்லோ, வீட்டோடை வைக்காதையுங்கோ என்று பக்கத்து வீட்டு அன்ரனெற் சொல்ல, இஞ்சத்தைச் சூனியக்காரிக்குத் தமிழ் விளங்காது, நீர் பயப்பிடாதையும் என்றார் அப்பா. கொரோனாவோடு அவருக்கு மணமே தெரியாமற் போனது, எனக்குத் தெரியாட்டிலும் உமக்கு மணக்கட்டும் என்று எனக்காகத்தான் நட்டவர். நிழலென்றபடியால் அது பூக்கவேயில்லை. ஒவ்வொரு வின்ரரும் காலமையில் வெளியே நின்று கண்ணாடியில் தட்டி, மணக்குதோ என்று கேட்பார், நான் இல்லையென்று தலையாட்டுவேன். அப்படியே போன இலையுதிர் காலத்தில் கண்ணை மூடிவிட்டார்.

இந்த மாசியில் அது பூத்துவிட்டது மகன். தோடம்பழத் தோலைச் சீவிவிட்டதுபோல மஞ்சள் மஞ்சளாய், கராம்பு வாசம், கடுங்குளிரென்றால் இதழ் சுருண்டுகொள்ளும், சூடு பட்டால் விரியும். பூத்த நாளிலிருந்து நான் தேத்தண்ணி வைக்கும்போது கண்ணாடியில் தட்டுகிற சத்தம், பிறகு மணக்குதோ என்று அவருடைய குரல். எட்டிப் பார்த்தால் பனியில் ஒரு கால்தடமும் இராது. ஆளைக் காணாமல் குரல் கேட்டால் மறுமொழி சொல்லக்கூடாதென்று உன்னையும் சொல்லி வளர்த்தவள் நான், வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சொன்னால் போய்விடுவாரோ, சொல்லாவிட்டால் குளிருக்குள்ளேயே நிற்பாரோ, இப்படியிருக்க எப்படி வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவது. போன கிழமை சரியான குளிர், பூவெல்லாம் சுருண்டு கிடந்தது, யன்னலும் பூட்டு, ஆனால் குசினி முழுக்கக் கராம்பு வாசம். தட்டிக் கேட்டார். ஓமப்பா, நல்லா மணக்குது என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு தட்டுகிற சத்தமுமில்லை, குரலுமில்லை. இப்போது குளிர் விட்டுப் பூவெல்லாம் விரிந்து நிற்கிறது, அன்ரனெற் பூக்கொப்பை மூக்கில் பிடித்து, என்ன வாசமக்கா என்கிறாள், எனக்குத்தான் ஒன்றும் மணக்கவில்லை. மூக்கடைக்கத் தடிமனுமில்லை, காய்ச்சலுமில்லை. நேற்றுப் பருப்பு அடிப்பிடித்து ஸ்மோக் அலாம் கத்தும்வரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மணத்தை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் போல.

இனி நான் வருகிறேன், ஆனால் பூ உதிரமுன் நீயே வந்து கூட்டிக்கொண்டு போ, ஒருக்கால் மணந்து பார்த்துச் சொல்லு. செபமாலையை விடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் தன் கைக்குள்ளே வைத்திருக்கட்டும். வரும்போது முன்கதவு பெல்லை அடி மகன், குசினிக் கண்ணாடியில் மட்டும் தட்டாதே.

உன் அம்மா,
எமில்டா
மல்வேர்ன்